கொசு ஒழிப்புப் பணம் எங்கே போக வேண்டும்: புகைக்கா, கால்வாய்க்கா, ஆளுக்கா? (வடசென்னை)

கொருக்குப்பேட்டைவாசி எழுதியது:

கேள்வியை நேராகவே வைக்கிறேன். கொசு ஒழிப்புக்கு என்று மாநகராட்சியும் மாநில அரசும் மத்திய அரசும் ஒதுக்கும் பணம் வடசென்னையில் முதலில் எந்த வேலைக்குப் போக வேண்டும்?

என் கட்சியை ஒளிக்கவில்லை. வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கும் ஆளுக்குத்தான் போக வேண்டும். மழைக்கால மூன்று மாதங்களுக்கு மட்டும் ஆள் எடுத்துவிட்டுப் பொங்கல் முடிந்ததும் குறைப்பது கூடாது. காய்ச்சலே இல்லாத ஏப்ரலிலும் அவர்கள் தெருவில் இருக்க வேண்டும்.

புகை அடித்தால் ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது. சத்தம், வாடை, வண்டி எல்லாம் இருக்கிறது, படமும் எடுக்கலாம். டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்லும் பெண்ணை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் டெங்கு கொசு பிறப்பதைத் தடுப்பது அந்தப் பெண்தான். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். அரசியல் கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். எல்லா ஆட்சியிலும் கொசு இருந்திருக்கிறது.

---

மணலிக்காரன் எழுதியது:

ஆளைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை அது. பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லா ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும்போது வீட்டுக்குள் வந்து டிரம்மை எட்டிப் பார்ப்பதால் என்ன பயன்? சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைக்க முடியவில்லை ஐயா.

மணலி, மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே நாளில் 426 ஆனது. ஊர் பெரிதான வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டி. அதன் காற்றுக் குழாய் முக்கால்வாசி வீடுகளில் திறந்தே இருக்கிறது. முதலில் கால்வாயைச் சரிசெய்யட்டும், பிறகு என் சமையலறைக்கு வரட்டும்.

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

இரண்டு பேரும் அரசு, அரசு என்கிறீர்கள். எங்கள் தெருவில் மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இல்லாத வீடு எத்தனை என்று நான் எண்ணிக் காட்டத் தயார். படித்தவர்கள் வீடுதான். அபராதம் போட்டால் வழிக்கு வருவார்கள். பணமே தேவையில்லை, கட்டுப்பாடு போதும்.

---

பழைய மலேரியா ஆள் எழுதியது:

இந்த இழையை என் மகன்தான் காட்டினான். வடசென்னையில் மலேரியாப் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலித் தம்பியும் இழையைத் தொடங்கியவரும் வெவ்வேறு கொசுவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதனால்தான் ஒத்துவரவில்லை. சாயங்காலம் கதவைத் திறக்க விடாமல் செய்வது கியூலெக்ஸ். சாக்கடையிலும் தேங்கிய கால்வாயிலும் செப்டிக் தொட்டியிலும் பிறக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் பறந்து வரும். யானைக்கால் நோயைப் பரப்பியது அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. சாக்கடைப் பக்கமே போகாது; உங்கள் டிரம், சிமென்ட் தொட்டி, ஆட்டுக்கல், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர் இவற்றில்தான் முட்டையிடும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவது அரிது. மூன்றாவது, நகரத்து மலேரியாவுக்குக் காரணமான அனாபிலிஸ் ஸ்டீபென்சி. கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதன் இடம். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீட்டுக் கிணறுகளில் நாங்கள் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டது அதற்காகத்தான்.

கால்வாயை வெள்ளி போல் சுத்தம் செய்தாலும் டெங்கு போகாது. தொட்டியை எல்லாம் மூடிவிட்டாலும் மணலிக்காரர் சாயங்காலம் கதவைத் திறக்க முடியாது. ஒரே தலைப்பின் கீழ் பணம் ஒதுக்கி, ஒரே மருந்தால் இரண்டும் தீரும் என்று காட்டுவதுதான் கோளாறு.

புகை பற்றி: அது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. டீசலில் மருந்தைக் கலந்து தெருவில் அடித்துக்கொண்டு போகும்போது வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்துவார்கள். ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் சுகமாக உட்கார்ந்திருக்கும். அதற்காகப் புகையை அடியோடு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். டெங்கு கண்டவர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ளே போய் அடித்தால், வைரஸ் ஏறிய கொசுவைக் கொல்லலாம். ஒருமுறை ஏறினால் சாகும்வரை அந்தக் கொசு நோயைப் பரப்பும், ஆகவே அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. அதற்கு ஆள் உடனே வர வேண்டும். ஊர் முழுக்கச் சுற்றும் வண்டி அதைச் செய்யாது.

---

தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும் என்று பள்ளிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். தேய்க்கவும் வேண்டுமா?

---

பழைய மலேரியா ஆள் எழுதியது:

கட்டாயம் தேய்க்க வேண்டும் டீச்சரம்மா. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில், கறுப்புப் புள்ளி போல ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பிடித்தால் பொரிக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டிரம்மைத் திறந்தவுடன் டார்ச் அடித்தால் புழு தெரியாது. நிழலோ வெளிச்சமோ பட்டதும் நெளிந்து அடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மூச்சு விட மேலே வரும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்து விரட்டினால் யார் நிற்பார்கள்? வாசலில் சுண்ணக்கட்டியால் தேதியை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். எழுதிய தேதி கணக்கில் ஏறும். புழு தொட்டியிலேயே இருக்கும்.

---

வரவு செலவு எழுதியது:

நான் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கை சார்ந்த வேலையில் இருப்பவன். பணத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

கால்வாய்க்கும் வடிகாலுக்கும் பணம் இல்லை என்று நினைக்காதீர்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் மழைநீர் வடிகாலுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது. மணலி, திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் அந்தப் படுகையில்தான் வருகின்றன. 2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள், பிறகு தொகை பல மடங்கு கூடியது. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், மானியம் கிடைக்கும், கல்வெட்டும் கிடைக்கும். அது மூலதனச் செலவு, அதாவது ஒருமுறை கட்டி நிற்கவைக்கும் செலவு.

கரண்டியும் டார்ச்சும் பிடித்து வரும் பெண்ணின் கூலி வருவாய்ச் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. அதற்கு எந்த வங்கியும் கடன் தராது. சொத்து வரி, தொழில் வரி, மாநில நிதி ஆணையத்தின் பங்கு இவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். மத்திய அரசின் நோய்த்தடுப்புத் திட்டம் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் வருகிறது; 60 பங்கு அவர்கள், 40 பங்கு மாநிலம். அந்தப் பணத்திலும் மருந்து, பரிசோதனைக் கருவி, பயிற்சி, விழிப்புணர்வு எனப் பல வாய்கள். கை இறுகும்போது முதலில் வெட்டுவது ஒப்பந்தத் தொழிலாளியின் நாட்களைத்தான். புகை இயந்திரமும் மருந்து தெளிக்கும் டிரோனும் ஒருமுறை வாங்கினால் முடிந்தது, சொத்துப் பதிவேட்டில் நிற்கும். மனிதர்கள் பதிவேட்டில் நிற்பதில்லை. ஆகவே இழையைத் தொடங்கியவர் சொல்வது நியாயம் என்றாலும், வெறும் நல்லெண்ணத்தால் நடக்காது. நிதியின் விதியே எதிர்த் திசையில் இழுக்கிறது.

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

சொத்து வரியைத்தான் 2022 ஏப்ரலில் ஏற்றினார்களே. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 50 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 150 சதவீதம். அந்தப் பணம் எங்கே?

---

வரவு செலவு எழுதியது:

தெரு விளக்கு, குப்பை, சாலை, ஓய்வூதியம், பழைய கடன் என்று எல்லாவற்றுக்கும் அதே பானை. கொசுவுக்கு என்று வரியில் தனிப் பங்கு கிடையாது. இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நான் கைதூக்குவேன்.

---

புளியந்தோப்பு நிலா எழுதியது:

நான் அதிகம் எழுதுவதில்லை. என் அம்மா ஒப்பந்த அடிப்படையில் கொசு ஒழிப்பு வேலை செய்கிறார், எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன். இங்கே எல்லோரும் அந்தப் பெண், அந்தப் பெண் என்று எழுதுவதால் வாய் திறக்கிறேன்.

கூலி மாதம் முதல் தேதி வந்ததாக எனக்கு நினைவில்லை. மழைக்காலத்தில் விடுமுறை கிடையாது. மழை முடிந்தால் "அடுத்த மாதம் வேலை உண்டா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களில் காவலாளி கீழேயே நிறுத்திவிடுவார். "மாடித் தொட்டியை எங்கள் ஆளே பார்த்துக்கொள்வார்" என்பார்கள். குடிசைப் பகுதியில் மட்டும் தடையில்லாமல் உள்ளே போகலாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அதனால் பதிவேட்டில் புழு கிடைத்த வீடுகள் எல்லாம் ஏழை வீடுகளாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இவர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று கூட்டத்தில் பேசுவார்கள்.

லோகோ அண்ணா, அபராதம் போடச் சொல்கிறீர்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பது ஆசைக்கா? குழாயில் நினைத்த நேரம் தண்ணீர் வந்தால் வீட்டுக்குள் நான்கு டிரம் எதற்கு? நடக்க இடமில்லாத வீட்டில் டிரம்முக்கும் இடம் விட்டுப் படுக்கிறோம். வாரம் ஒருமுறை அதைக் கவிழ்த்துத் தேய்த்தால் மறுநாள் குடிக்க என்ன இருக்கும்?

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

தங்கை சொல்வதில் அடுக்குமாடிப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நான் அபராதம் என்று சொன்னதும் அவர்களைத்தான், குடிசையை அல்ல. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்க விடக் கூடாது என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் நடப்பில் உள்ளது. கட்டுமான இடங்களுக்கு மாநகராட்சி அபராதம் போடுகிறது. புதிதாகத் தளம் போட்டதும் கான்கிரீட் இறுக வேண்டும் என்று பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், ஏழு நாள், பத்து நாள், சில இடத்தில் இரண்டு வாரம். பழைய மலேரியா ஐயா சொன்ன அதே ஏழு, பத்து நாள்! லிப்ட் குழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே பணக்காரனிடம்தான் வசூலிக்கச் சொல்கிறேன், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு நிலாவின் அம்மாவுக்குச் சம்பளம் கொடுங்கள்.

---

வரவு செலவு எழுதியது:

அபராதத்தை நம்பிச் சம்பளம் போட்டால், எல்லோரும் ஒழுங்காக நடக்கும் ஆண்டில் சம்பளம் இல்லை. விதி மீறல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நிர்வாகத்துக்கு வந்துவிடும். அபராதம் வேண்டும், ஆனால் அது பொதுக் கணக்குக்குப் போகட்டும்.

---

காசிமேட்டு அலை எழுதியது:

துறைமுகப் பக்கம் யாரும் பேசவில்லை. படகு மோதாமல் இருக்கக் கட்டும் டயர், கரையில் ஏற்றி வைத்த பைபர் படகின் அடித்தளம், உடைந்த ஐஸ் பெட்டி, மழை பெய்தால் எல்லாவற்றிலும் தண்ணீர். டயரைக் கவிழ்த்தாலும் உள்விளிம்பில் தண்ணீர் தங்கும். நாங்கள் சிலர் டயரில் கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டுத்தான் கட்டுகிறோம். இதற்கு ஒரு ரூபாய் அரசுப் பணம் வேண்டாம், யாராவது ஒருமுறை வந்து சொன்னாலே போதும். வீட்டுக்கு வருகிறார்கள், படகுக்கு வருவதில்லை. அது எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள்.

---

மணலிக்காரன் எழுதியது:

எல்லை என்றதும் நினைவுக்கு வருகிறது. பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறை. கழிவுநீர் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகாலும் கொசுவும் மாநகராட்சி. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரை இணைத்தால் அது யாருடையது? நான் இதற்குப் புகார் கொடுத்தபோது ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னது, அவர்கள் முதல் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்கள். புதிதாகக் கட்டிய வடிகாலிலும் வண்டல் பிடிக்கும் தொட்டிகளில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கிறது. கோடிகளைக் கொட்டி கியூலெக்ஸுக்குக் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

பழைய மலேரியா ஐயா, நீங்கள் பிரித்துச் சொன்னது விளங்கியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெங்கு முக்கியம், உயிர் போகும், சரி. அதற்காக ஆண்டு முழுவதும் மாலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வது சும்மா தொல்லை என்று ஒதுக்கும் விஷயமா? ஆவியாகும் திரவப் புட்டி 80, 90 ரூபாய். எங்கள் வீட்டில் இரண்டு அறைக்கும் மாதம் ஒன்றுக்குக் குறையாமல் வேண்டும். இது போதாமல் கொசு மட்டை, சுருள், வலை. அரசு செலவழிக்காததை நாங்கள் கடையில் செலவழிக்கிறோம். இதுவும் ஒரு வரிதான், ரசீது மட்டும் கிடையாது.

---

கொருக்குப்பேட்டைவாசி எழுதியது:

இந்த இடத்தில்தான் என் சந்தேகம் வலுக்கிறது. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு யார் அழைக்கிறார்கள்? சாயங்காலம் கடிக்கும் கொசுவைப் பற்றித்தான் அழைக்கிறார்கள். "என் வீட்டு டிரம்மில் ஏடிஸ் புழு இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று எவரும் அழைப்பதில்லை. புகார் எங்கே அதிகமோ அங்கே வண்டி போகும், டிரோன் பறக்கும். கேட்பவர் கேட்பதற்குச் செலவு, உயிரை எடுப்பதற்கு மிச்சம்மீதி. மணலிக்காரர் கோபம் நியாயமானது, ஆனால் பணத்தைத் திசைதிருப்புவதும் அந்தக் கோபம்தான்.

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு கண்டவர்கள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். 2017-ல் 23,294 பேர், 65 பேர் இறந்தார்கள். இவை அரசுக் கணக்கு. எலிசா என்ற ஆய்வக இரத்தப் பரிசோதனையில் உறுதியானவை. தனியார் மருத்துவமனையில் உடனே முடிவு காட்டும் அட்டைப் பரிசோதனையோடு நின்றுபோனவர்கள் இதில் சேர மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆண்டுகளில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. 2017-ல் தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்கள். காய்ச்சல் வந்தவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம், டிரம்மில் இருந்த புழுவை அது என்ன செய்தது?

---

தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

நோய் குறைந்ததும் பணத்தைக் குறைப்பது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. இலங்கையில் 1963-ல் மலேரியா வெறும் 17 பேருக்குத்தான் வந்தது. வென்றுவிட்டோம் என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவிலும் அதே கதை. 1965-ல் சுமார் 1 லட்சமாக இறங்கிய மலேரியா 1976-ல் 64 லட்சமாக ஏறியது. நகரங்களுக்கென்று தனி மலேரியாத் திட்டம் 1971-ல் வந்ததே அந்த ஏற்றத்தின் நடுவில்தான். இலங்கை பிறகு விடாமல் உழைத்து 2016-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. ஒருமுறை சூடுபட்டவர்கள் என்பதால், நோயே இல்லாதபோதும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைச் சோதிப்பதை விடவில்லை.

நாம் 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாகச் சொல்கிறோம். சென்னையில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மை. என் பயமே அந்தக் குறைவுதான். "இனி எதற்கு ஆள்" என்று ஒருவர் கோப்பில் எழுதினால் போதும்.

---

காசிமேட்டு அலை எழுதியது:

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விட்டு டெங்குவை 77 சதவீதம் குறைத்தார்கள் என்று படித்தேன். புதுச்சேரியில் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மத்திய ஆய்வு மையத்திலும் அப்படிப்பட்ட ஏடிஸ் கொசுக்களை 2022-லேயே உருவாக்கிவிட்டார்களே. அதில் பணம் போட்டால் இந்த ஆள், டிரம், அபராதம் எதுவும் வேண்டாம் அல்லவா?

---

பழைய மலேரியா ஆள் எழுதியது:

வரட்டும் தம்பி, வரவேற்கிறேன். ஆனால் கொசுவை விட்ட பிறகு அது தங்கியதா, எத்தனை பங்கு பரவியது என்று தெருத் தெருவாகப் பொறி வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்வது யார்? மறுபடி அதே ஆள்தான். அதோடு, வோல்பேக்கியா ஏடிஸுக்குத்தான், மணலிக் கால்வாயில் அது வேலை செய்யாது. புதிய வித்தை வரும்போதெல்லாம் பழைய வேலைக்கு ஆளைக் குறைப்பதை நான் பணியில் இருந்தபோதே பார்த்தவன்.

---

மட்டுறுத்துநர்: நீர்வழிக் கரை மக்களுக்குக் கொடுத்த கொசுவலையும் நொச்சிச் செடியும் எந்த ஆட்சியில் என்ன ஆனது என்ற எட்டுப் பதிவுகள் நீக்கப்பட்டன. முதல் பதிவிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

---

கொருக்குப்பேட்டைவாசி எழுதியது:

வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நானும் டீச்சரும் போகிறோம். கேள்விகளை எழுத்தில் கொடுக்கப் போகிறோம், பதிலையும் எழுத்தில் கேட்போம். இந்த வார்டில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எத்தனை பேர், கோடையில் எத்தனை பேர்? கடந்த ஆண்டு கூலிக்கு எவ்வளவு, புகை மருந்துக்கும் டீசலுக்கும் எவ்வளவு? அடுக்குமாடிகளில் உள்ளே விட மறுத்த இடங்களின் பட்டியல் உண்டா? செப்டிக் தொட்டிக் குழாய்களுக்கு மாநகராட்சியே நைலான் வலை மாட்டிக் கொடுக்க என்ன செலவாகும்? கடைசிக் கேள்வி மணலிக்காரருக்காகச் சேர்த்தது. அது சில ரூபாய் விஷயம், கால்வாய் சரியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

---

மணலிக்காரன் எழுதியது:

வலைக்கு நன்றி. கால்வாயை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

---

புளியந்தோப்பு நிலா எழுதியது:

கூலி எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று மாதவாரியாகக் கேளுங்கள் அண்ணா. தொகையை மட்டும் கேட்டால் ஆண்டு மொத்தத்தைச் சொல்லிவிடுவார்கள்.

---

பழைய மலேரியா ஆள் எழுதியது:

முதல் கேள்வியைத் திருத்துங்கள். எத்தனை பேர் என்று கேட்டால் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையைப் படிப்பார்கள். வருகைப் பதிவேட்டின்படி நேற்று களத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதில் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.